இரும்புக் குண்டும் சிவப்பு கறுப்பு மாத்திரையும்

என் மாமியார் சுடலைவடிவு படித்தது இரண்டாம் வகுப்பு. ஆனால் எங்கள் தெருவுக்கு டாக்டர் அவள்தான். அவளுடைய ஆஸ்பத்திரி ஒரு பழைய பிஸ்கட் டப்பா. அதற்குள் விதவிதமான மாத்திரைகள் கிடக்கும். ஊரில் யாருக்காவது டாக்டர் எழுதிக் கொடுத்து மிச்சமானது எல்லாம் அங்கேதான் வந்து சேரும். அவற்றுக்கெல்லாம் ராஜா, பாதி சிவப்பும் பாதி கறுப்புமாக இருக்கிற மாத்திரை. காய்ச்சலா, ஒன்று போடு. வயிற்றாலே போகிறதா, ஒன்று போடு. காலில் முள் குத்திச் சீழ் பிடித்ததா, மாத்திரையைப் பிரித்து உள்ளே இருக்கும் மஞ்சள் பொடியைப் புண்ணில் தூவு. கோழி கழுத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெள்ளையாகக் கழிகிறதா, அதே பொடியைச் சோற்றில் உருட்டி, அலகைப் பிளந்து உள்ளே தள்ளு.

நான் கல்யாணமாகி வந்த புதிதில் இரண்டு தும்மல் தும்மிவிட்டேன். அவ்வளவுதான். அப்போதுதான் ஒரு சேவலுக்கு வைத்தியம் பார்த்த கையோடு என் பக்கம் திரும்பினாள்.

"ஏட்டி ராணி, வாயத் தொற."

எனக்கு வந்த கோபத்தில் பெட்டியைக் கட்டிக்கொண்டு பிறந்த வீட்டுக்கே போயிருப்பேன். ஆனால் அத்தையிடம் கோபமாக இருப்பது லேசில்லை. சிரிக்க வைத்துவிடுவாள். மணிமுத்தாற்றுக் கால்வாய்க் கரையில் எங்கள் ஊர். அவள் இந்தக் கரையில் நின்று சிரித்தால் அந்தக் கரையில் வயலில் நிற்கிறவர்கள் காரணமே தெரியாமல் சிரிப்பார்கள். ஐம்பது வயதிலும் அவள் நடந்து நான் பார்த்ததில்லை, ஓட்டம்தான். தலையில் முட்டைக் கூடையோடு ஊர் ஊராகப் போவாள். கூடையில் முட்டை, இடுப்பில் டப்பா. முட்டை வாங்குகிற வீட்டில் யாராவது இருமினால் மாத்திரை இலவசம்.

ஒன்றோ இரண்டோதான் கொடுப்பாள். காய்ச்சல் விட்டதும் நிறுத்திவிட வேண்டும். "சொகமான பொறவும் முழுங்க அது என்ன சோறா? மிச்சத்த வச்சா இன்னொருத்தனுக்கு ஆவும்லா" என்பாள். பச்சைப் பிள்ளைக்குக் கால் மாத்திரை. இதில் அவளுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சம் இல்லை. யாரையும் இல்லையென்று திருப்பி அனுப்பியதில்லை என்று நெஞ்சைத் தட்டிக்கொண்டு சொல்லுவாள்.

தொண்ணூற்றாறாம் வருஷம் தை மாதம் ஒரு பெட்டைக்கோழி பக்கத்து வீட்டு உலகம்மாளின் கூரையில் போய் முட்டையிட ஆரம்பித்தது. உலகம்மாள் அத்தைக்கு உயிர்த்தோழி. முட்டை விஷயத்தில் மட்டும் பரம எதிரி. "எங்கூரையில விட்டா எம்முட்டை" என்று அவள் சொல்லிவிட்டாள். அத்தை விடுவாளா? சேலையை வரிந்து கட்டிக்கொண்டு மதில் மேல் ஏறினாள். கோழி பறந்தது. இவளும் பறந்தாள். கோழி நன்றாக இறங்கியது.

தொடை எலும்பு இடுப்போடு சேருகிற கழுத்தில் முறிந்துவிட்டது. பாளையங்கோட்டையில் பாக்கியசீலன் என்று ஓர் எலும்பு டாக்டர். நல்ல மனுஷர். அவர் நடத்திய சின்ன ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். சேர்க்கிற இடத்தில் இருந்த பெண், "வீட்டுக்காரர் பேரு என்னம்மா?" என்று கேட்டாள். வலியில் துடித்துக்கொண்டிருந்த அத்தை வெட்கப்பட்டுக்கொண்டு என் விலாவில் இடித்தாள். "நீ சொல்லுட்டி." இடுப்பு முறிந்தாலும் புருஷன் பேரைச் சொல்லிவிடக் கூடாதாம்! மந்திரமூர்த்தி என்று நான் சொன்னேன். ஓட்டுப் போடப் போன இடத்தில்கூட அவள் ஆளை வைத்துத்தான் அந்தப் பேரைச் சொல்லியிருக்கிறாள். வீட்டில் 'ஏங்க', வெளியில் 'ராஜாவோட அப்பா'. ராஜா என்பது என் வீட்டுக்காரர் இசக்கிராஜா.

டாக்டர் முறிந்த எலும்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இரும்புக் குண்டு ஒன்றைப் பொருத்தினார். கொஞ்ச நாளில் அத்தை கம்பைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். வந்ததிலிருந்து ஊருக்கே திருவிழா. பார்க்க வருகிறவர்களிடம் எக்ஸ்ரே படத்தை வெயிலுக்கு நேராகப் பிடித்துக் காட்டுவாள்.

"பாத்தியளா, உள்ள எவர்சில்வரு! நான் செத்தா எரிக்கும்போது மறந்துராதீய. குண்ட எடுத்துக் கழுவி ராணிட்ட குடுத்துருங்க, இஞ்சி தட்ட ஆவும்."

சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலித்தது. ஆனால் அவள் செய்த இன்னொரு காரியம் எங்களுக்குத் தெரியாது. புண்ணில் போட்ட கட்டை அவிழ்க்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இவள் யாருமில்லாத நேரத்தில் கட்டை அவிழ்த்து, புண்ணுக்குக் காற்றுக் காட்டி, சிவப்பு கறுப்பு மாத்திரையைப் பிரித்துப் பொடி தூவி, மறுபடி கட்டி வைத்திருக்கிறாள். கோழியைத் தொட்ட கை, கழுவினாளோ இல்லையோ. தையல் போட்ட இடம் சிவந்தது, வீங்கியது, சீழ் வடிந்தது. காய்ச்சல் வந்ததும் இரண்டு மாத்திரை முழுங்கினாள். அது கேட்கவில்லை. டப்பாவில் இருந்த மற்ற நிறங்களையும் ஒவ்வொன்றாக முழுங்கிப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அப்போதுதான் வாயைத் திறந்து எங்களிடம் சொன்னாள். நான் கத்திய கத்தலில் முப்பது கோழியும் தெருவுக்கு ஓடிவிட்டன.

மறுபடியும் பாளையங்கோட்டை. டாக்டர் புண்ணைத் திறந்து கழுவினார், குண்டை அப்படியே விட்டுவைத்தார். சீழில் கொஞ்சம் பரிசோதனைக்குப் போயிற்று. இரண்டு மூன்று நாள் கழித்து ஒரு வட்டக் கண்ணாடித் தட்டைக் கொண்டுவந்து எங்களுக்குக் காட்டினார். உள்ளே பாலாடை மாதிரி ஏதோ படர்ந்திருந்தது. அதன் மேல் அங்கங்கே சின்னச் சின்னக் காகிதப் பொட்டுகள்.

"ஒவ்வொரு பொட்டுலயும் ஒரு மருந்து இருக்கு. மருந்து கேட்டா பொட்டைச் சுத்திக் கிருமி செத்து, வெறும் வட்டமாத் தெரியும். இங்க பாருங்க" என்றார் டாக்டர்.

பார்த்தோம். பாலாடை எல்லாப் பொட்டுகளையும் ஒட்டி உரசிக்கொண்டு ஜோராக வளர்ந்திருந்தது. ஒரே ஒரு பொட்டைச் சுற்றித்தான் வட்டம் இருந்தது.

"என்னென்ன மருந்து சாப்பிட்டீங்க?" என்று டாக்டர் கேட்டார். அத்தை என்னைப் பார்த்தாள். நான் டப்பாக் கதை முழுவதையும் கொட்டிவிட்டேன். கோழியையும் விடவில்லை. டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"அம்மா, நீங்க ஒண்ணு ரெண்டு மாத்திரை போட்டா லேசுபாசான கிருமி செத்துப்போகும். கெட்டியானது தப்பிக்கும். அதோட நிறுத்திட்டா அந்தக் கெட்டியானதுக்குக் கொண்டாட்டம், பல்கிப் பெருகும். அதோட வம்சத்தையே உங்க மாத்திரை ஒண்ணும் செய்யாது. உங்க வீட்டுல, கோழிக்கூண்டுல, உங்க கையில எல்லாம் இத்தனை வருசமா அதைத்தான் வளத்திருக்கீங்க. இப்ப அது குண்டு மேல போய் உக்காந்துகிட்டு வழவழன்னு போர்வை மாதிரி ஒண்ணைப் போத்திக்கிடும். இரும்புல ரத்தம் ஓடாது பாருங்க, மருந்து போய்ச் சேருறதே கஷ்டம்."

அத்தையின் முகம் செத்துப்போனது. நான் அவளை அப்படிப் பார்த்ததே இல்லை. "நானாய்யா வளத்தேன்? நாலு பேருக்கு நல்லதுன்னுதானய்யா குடுத்தேன்" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதற்குமேல் அவளைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை.

வட்டம் தெரிந்த அந்த ஒரு மருந்தை மதுரையிலிருந்து வரவழைத்து, காலையும் மாலையும் ரத்தக் குழாயில் சொட்டுச் சொட்டாக வாரக்கணக்கில் ஏற்ற வேண்டும் என்றார் டாக்டர். அதற்கும் கிருமி அடங்கவில்லையென்றால், இல்லை நடுவில் நிறுத்தினால், குண்டை எடுத்துவிட வேண்டியதுதான். கால் குட்டையாகிவிடும். ஆயுசுக்கும் இரண்டு கம்பு.

"அப்பம் கோழிய எப்படிப் பிடிக்க?" என்று கேட்டாள் அத்தை. எல்லோரும் சிரித்தோம். போர்வைக்கு அடியில் அவள் கை என் கையை நசுக்கிக்கொண்டிருந்தது.

மருந்து ஏற ஆரம்பித்தது. ஒரு பாட்டில் இறங்க ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். குழாயில் ஒரு சின்னச் சக்கரம் உண்டு. அதைத் திருகினால் வேகமாக இறங்கும். "அதைத் தொட்டீங்க, எனக்குக் கெட்ட கோவம் வரும்" என்று நர்ஸ் சொல்லி வைத்திருந்தாள். ஒரு வாரத்தில் காய்ச்சல் இறங்கியது, சீழ் குறைந்தது. அத்தை பக்கத்துக் கட்டில்காரிகளையெல்லாம் சிரிக்கவைக்க ஆரம்பித்துவிட்டாள்.

அந்தப் பங்குனியில் எங்கள் ஊரில் நாலைந்து வீட்டில் அம்மை போட்டிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் மாமாவும் என் வீட்டுக்காரரும் உலகம்மாளும் தெருப் பெண்களும் ஒரு வேனில் வந்து இறங்கினார்கள், அத்தையைப் பார்க்க. உலகம்மாள் ஒரு தூக்குச்சட்டி நிறையப் பணியாரம் கொண்டுவந்திருந்தாள். மருந்து பாதிகூட இறங்கவில்லை. நான் எல்லோருக்கும் டீ வாங்கக் கீழே போனேன். டீயோடு படியேறும்போதே கேட்டது. குலவைச் சத்தம்!

ஓடிப் போய்ப் பார்த்தால், அத்தை நெற்றியிலிருந்து நெஞ்சு வரைக்கும் செக்கச்செவேல் என்றிருக்கிறாள். "எரியுதே, அரிக்கே" என்று கழுத்தைச் சொறிகிறாள். உலகம்மாள் கைகளைத் தலைக்கு மேலே கூப்பிக்கொண்டு, "ஆத்தா வந்துட்டா! வெள்ளிக்கெழமையும் அதுவுமா வந்துட்டா!" என்கிறாள். அதற்குள் ஆஸ்பத்திரி வாசல் மரத்திலிருந்து வேப்பிலை வந்தாயிற்று. மாமா கட்டிலுக்குக் கீழே நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கிடக்கிறார். பக்கத்துக் கட்டில்காரிகளும் குலவை. இத்தனைக்கும் நடுவில் நர்ஸ் மாமாவைத் தாண்டிக் குதித்து, குழாயை மூடி, அரிப்புக்கு ஊசி போட்டுவிட்டு டாக்டரைக் கூப்பிட ஓடினாள்.

டாக்டர் வந்து நாடி பார்த்தார். "அம்மையும் இல்ல, ஒண்ணும் இல்ல. இந்த மருந்து வேகமா இறங்கினா இப்படித்தான் செவக்கும். யார் அந்தச் சக்கரத்தைத் திருகுனது?"

அத்தை மேலே ஓடுகிற மின்விசிறியை வெகு கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலத்துக்குள் சிவப்பு மறைந்துவிட்டது. அப்பாடா என்று நான் நினைத்தேன். உலகம்மாள் முகத்தில் அறைந்துகொண்டாள். "ஐயையோ, உள்ளுக்கு எறங்கிருச்சே!" அம்மை வெளியே வராமல் உள்ளே இறங்கினால் ஆளுக்கு ஆபத்து என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அம்மை வந்த உடம்பில் மருந்து ஏற்றக் கூடாது, ஊசி குத்தக் கூடாது. வேப்பிலையும் இளநீரும்தான். மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"வேன எடுக்கச் சொல்லுலே ராஜா. ஊருக்குப் போவோம். இனிமே மருந்து கெடையாது."

"நடுவுல நிறுத்தினா குண்டை எடுக்கணும், நடை போயிரும்" என்று டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். மாமா கேட்கவில்லை. அவர் கெட்டவர் இல்லை. சின்ன வயசில் அவருடைய தங்கை அம்மையில் கிடந்தபோது யாரோ ஊசி போட்டார்களாம், மறுநாள் பிள்ளை போய்விட்டது. அந்தப் பயம் இன்னும் அவரை விடவில்லை. "கால் போனாலும் ஆளு இருந்தாப் போதும் டாக்டரு" என்றார்.

நான் கத்தினேன். "மாமா, இது அம்மை இல்ல! மருந்து வேகமா போனதுதான்!"

"நீ சும்மா கெட" என்றார் மாமா. என் வீட்டுக்காரர் வேறு, "அப்பாட்ட எதுத்துப் பேசாத" என்று என் கையை இழுத்தார். அன்றைக்கு அவருக்கு இரவுச் சாப்பாடு கிடையாது என்று அந்த நிமிஷமே முடிவு செய்தேன்.

அப்போது அத்தை சொல்லிவிட்டாள். "ஏங்க, நான்தான் திருகுனேன். சட்டுன்னு முடிஞ்சா எந்திரிச்சி உக்காந்து பணியாரம் திங்கலாம்னு திருகிட்டேன். ஆத்தா வரல, ஒண்ணும் வரல. எனக்கு மருந்து ஏறட்டும்ங்க."

உலகம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பாவம், ஆத்தா வந்த ஒடம்பு. என்ன பேசுதோம்னே அவளுக்குத் தெரியல."

"நெசமாத்தான் சொல்லுதேன்!"

"சரி தாயீ, சரி தாயீ" என்று மாமா அவளைத் தூக்கக் குனிந்தார். கீழே வேன் உறுமியது. அத்தை என்னைப் பார்த்தாள். கண்ணில் அப்படி ஒரு பயம். நான் டாக்டரைப் பார்த்தேன். அவர் என்ன செய்வார், பாவம்.

திடீரென்று அத்தையின் கொண்டை அவிழ்ந்தது. முடி முகத்தில் விழுந்தது. பல்லை நறநறவென்று கடிக்கிற சத்தம். பிறகு ஒரு கர்ஜனை.

"ஏலே! மந்திரமூர்த்தி!"

அம்மாடி! முப்பது வருஷமாக அந்த வாயிலிருந்து வராத பேர். அதுவும் 'ஏலே' போட்டு! மாமா இரண்டு எட்டுப் பின்னால் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டார். உலகம்மாளுக்குக் குலவை தொண்டையிலேயே நின்றுவிட்டது.

"என்னைய எங்கனலே தூக்கிட்டுப் போற?"

"தாயே... ஊருக்கு..." மாமாவின் கை தானாகக் கூப்பிக்கொண்டது.

"எனக்கு ஒடம்பு எரியுதுலே. என்னையக் குளுத்தணும்."

"இளநி வெட்டவா தாயே?"

"இளநி எவனுக்கு வேணும்? அந்தா கம்பியில தொங்குது பாரு, அந்தத் தண்ணி வேணும். பைய. சொட்டுச் சொட்டா. காலையிலயும் சாயந்தரமும். டாக்டரு போதும்னு சொல்லுத வரைக்கும். ஒரு சொட்டு கொறஞ்சாலும் ஒங்கூருக்கு மழை கெடையாது!"

"உத்தரவு தாயே."

"ஏ டாக்டரு!"

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிற பாக்கியசீலன் டாக்டர் விறைத்து நின்றார். "சொல்லுங்கம்மா."

"ஊத்து."

"சரிங்கம்மா."

நான் முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டேன். ஆத்தா இன்னும் மலையேறவில்லை. "வீட்டுல ஒரு பிஸ்கட்டு டப்பா கெடக்கு. அத நாளைக்கே கொண்டாந்து இந்த டாக்டர்ட்ட குடுக்கணும். இனிமே எவளும் எவ மாத்திரையவும் பாதி முழுங்கக் கூடாது. கோழிக்கும் கெடையாது."

உலகம்மாள் பயந்து பயந்து முன்னால் வந்தாள். "தாயே, எம்பேரனுக்கு ரெண்டு நாளா சளி..."

"டாக்டர்ட்ட போட்டி!"

பிறகு திருநீறு வேண்டுமே? கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த முகப்பவுடர் டப்பாவை எடுத்துக் கையில் தட்டி, மாமாவின் நெற்றி நிறையப் பூசிவிட்டு, அத்தை பொத்தென்று தலையணையில் சாய்ந்தாள். மாமா அன்று ராத்திரி முழுவதும் மல்லிகை வாசனையோடு திரிந்தார்.

அதற்குப் பிறகு அந்தச் சக்கரத்துக்கு மாமாதான் காவல். மருந்து இறங்குகிற நேரமெல்லாம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து சொட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். நர்ஸ் கிட்டே வந்தால்கூட, "பையம்மா, பைய" என்பார். புண் காய்ந்தது. வாரங்கள் போய், மறுபடி ரத்தம் சோதித்துப் பார்த்துவிட்டு, குண்டு இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்றார் டாக்டர். மறுபடியும் வலியோ சிவப்போ தெரிந்தால் கட்டைத் தொடாமல் நேராக இங்கே ஓடி வர வேண்டும் என்றார். அத்தை அவர் காலைத் தொடப் போனாள். அவர் துள்ளி விலகினார்.

ஊருக்குக் கிளம்பிய அன்று மாமாவும் என் வீட்டுக்காரரும் மூட்டைகளோடு முன்னால் போனார்கள். அத்தை கம்பில்லாமல் என்னோடு நடந்து வந்தாள். இத்தனை நாளும் கேட்காமல் அடக்கி வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"அத்தை, அன்னைக்கி வந்தது யாரு?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நானும் சிரித்தேன். 'ஊத்து' என்று அவள் சொன்னதை நான் சொல்லிக் காட்ட, 'சரிங்கம்மா' என்று டாக்டர் சொன்னதை அவள் சொல்லிக் காட்ட, போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நான்தான் திருகுனேன்னு சொன்னேன்லா ராணி. எனக்கு மருந்து வேணும்னு தெளிவாத்தான சொன்னேன்? அத்தன பேரு நின்னாவ. ஒருத்தராவது காதுல வாங்குனாவளா? எங்காலு எனக்கு வேணும்னு சொல்லுததுக்கு ஆத்தா வர வேண்டியிருக்குட்டி."

எனக்குச் சிரிப்பு நின்றுபோனது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். வாசலில் நின்று மாமா, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கத்தினார். அத்தை என் கையை உதறிவிட்டு எனக்கு முன்னால் வேகமாக நடந்து போனாள்.